ஐந்து பத்துக்கு விழுந்த முத்திரை

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சு மாறியிருக்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பி வருவேன். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அங்கே தண்டவாளத்தில் தலையில்லாத ஆள் நடக்கிறான் என்று ஆளுக்கு ஒரு விதமாகக் கதை விடுவார்கள், நான் பத்து வயதிலேயே “எங்க, காட்டுங்க பாப்போம்” என்று கேட்டு உதை வாங்கியவன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். சுங்கை வே பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்தன்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு யூனிக்ஸ் மெஷின், கூடத்தில் அதற்கு ஒரே ஒரு திரை. மெஷின் வந்த அன்று கூடத்தில் வேலை செய்யும் புஷ்பா அக்கா கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார். வாசலில் காவல் இருக்கும் மலாய்க்கார ஜாகா வந்து எட்டிப் பார்த்து, இந்த அறையில் ஏதோ இருக்கிறது, மரியாதையாக நடந்துகொள் என்றார். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் யூ.பி.எஸ்.ஸுக்கு நல்ல பேட்டரி வாங்கித் தந்தால் புண்ணியமாகப் போகும் என்று நான் நிர்வாகத்திடம் கத்தினேன். பேட்டரி வரவில்லை, பழம் மட்டும் காய்ந்து கருப்பாகிக் கிடந்தது.

சிவபாதம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிள்ளானில் வீடு, ஐம்பது வயது, தினமும் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவேயில் வந்து போவார். ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரே குரூப்பாக இருந்தாலும் சில பேருக்கு, முக்கியமாக முன்பு ஒருமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கு, ஒத்துப்போகாது. அதனால் பையில் இருக்கும் ரத்தத்தையும் நோயாளியின் ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சிவபாதம் அண்ணன் முடிவுகளை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பரிசோதனை செய்தவர்தான் ஏற்ற வேண்டும், அவரவருக்கு ஒரு ரகசிய எண், ஒருவருக்காக இன்னொருவர் ஏற்றக் கூடாது. இதில் அங்கே யாரும் விளையாட மாட்டார்கள்.

அந்த புரோகிராமை எழுதியவன் நான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முடிவு ஒத்துப்போகும் என்பதால், விடைக் கட்டத்தில் முன்கூட்டியே ‘ஓகே’ என்று போட்டு வைத்திருந்தேன். ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் அதை அழித்துவிட்டு ‘ஹோல்ட்’ என்று அடிக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் எண்டரைத் தட்டிக்கொண்டே போகலாம். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது புரியாவிட்டால் மற்றது புரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் மெஷினில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று ஒரு நேரம் அதன்மேல் இருக்கும். என் புரோகிராம் வேகத்துக்காகக் கோப்பை அப்படியே மெஷினின் நினைவகத்தில் விரித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் தட்டுகிற எழுத்து முதலில் அந்த நினைவகத்தில்தான் மாறும், டிஸ்கில் மாறாது. உள்ளே இருந்து மெஷினையே ஓட்டுகிற புரோகிராம், கெர்னல் என்பார்கள், தனக்கு நேரம் கிடைத்தபோது அதை எடுத்து டிஸ்கில் எழுதும், கோப்பின்மேல் நேரத்தையும் அப்போதுதான் போடும். ஐந்து நிமிடமும் ஆகலாம், எங்கள் மெஷினில் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. இது தெரியாமல் நான் இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன், ஏனென்றால் நேரம் மாறிய கோப்புகளை மட்டும் டேப்பில் நகல் எடுப்போம், நேரம் மாறாததால் சில கோப்புகள் விடுபட்டுப் போயின. காரணத்தைக் கண்டுபிடித்ததும் கிடைத்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை, சிவபாதம் அண்ணன் மட்டும் நின்று கேட்டார்.

“ஐசே, அப்ப நான் எழுதின நேரம் ஒண்டு, உம்மட மெஷின் சொல்லுற நேரம் வேறொண்டு, அப்பிடியோ?”

“ஆமாண்ணே. தபால் மாதிரி. காலையில எழுதின கடுதாசிக்கு முத்திரை சாயங்காலம்தான விழும்?”

“நல்ல தபால் கந்தோர் வைச்சிருக்கிறீர்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். என் மனைவி சரோஜாவுக்கு இரண்டாவது பிரசவம், எங்கள் ஆஸ்பத்திரியில்தான். முதல் பிரசவத்தில் நிறைய ரத்தம் போய், வெளியிலிருந்து ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். அதனால் டாக்டர் லிம், ஐம்பதைத் தாண்டிய சீனத்து அம்மா, இந்த முறை முன்னெச்சரிக்கையாக இரண்டு பை ரத்தம் பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார். மதியம் சரோஜாவைச் சேர்த்தோம். மூன்று மணிக்கு சிவபாதம் அண்ணன் அவள் ரத்தத்தைக் கலந்து பார்த்தார். நான்கு மணிக்குச் சற்று முன்னால் எல்லா முடிவுகளையும் ஏற்றிவிட்டு, பட்டியலை அச்செடுத்து புஷ்பா அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் என் அறையில் தலையை நீட்டி, “பிள்ளை பிறந்தால் எனக்கும் ஒரு போன் அடியும்” என்றார். அதுதான் கடைசி.

அவர் கிளம்பிக் கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. மழையென்றால் சாதாரண மழையில்லை, ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த லோரிகூடத் தெரியவில்லை. நாலரைக்கு எங்கேயோ இடி விழுந்து கரண்ட் போனது. வார்டுக்கும் ஆபரேஷன் அறைக்கும் ஜெனரேட்டர் உண்டு, என் மெஷினுக்கு இல்லை. யூ.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. மெஷின் செத்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் செத்தது. மேலே வார்டில் சரோஜா வலியில் துடிக்கிறாள், கீழே நான் இருட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை. நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. நானே சுவிட்சைப் போட்டேன், அது டிஸ்கைச் சரிபார்த்து எழுந்திருக்க ஐந்து மணி ஆயிற்று. எழுந்ததும் போட்டது போட்டபடி மேலே ஓடினேன். பெண் குழந்தை பிறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

குழந்தையைக் கையில் வாங்கியது நினைவிருக்கிறது, அது முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறது. அதற்குள் நர்ஸுகள் ஓட ஆரம்பித்தார்கள். சரோஜாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் லிம் என்னை வெளியே தள்ளினார். ஐந்தரைக்கு மேல் இருக்கும், ரத்தம் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், நான் பொறுக்க முடியாமல் அந்த ஆளுக்கு முன்னாலேயே கீழே ஓடினேன். கூடத்தில் புஷ்பா அக்கா டெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பி... சிவபாதம் அண்ணே போயிட்டாரு. போலீஸ்தான் பேசுனாங்க. ஃபெடரல் ஹைவேல, பத்து தீகா கிட்ட லோரி அடிச்சிருச்சாம். அங்கேயே முடிஞ்சிருச்சு, அஞ்சு மணிக்கு முந்தியே.”

எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. “அக்கா, ரத்தம் குடுங்க, சரோஜாவுக்கு” என்றேன். அவர் டெலிபோனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே திரையில் சரோஜாவின் பெயரை அடித்தார். அப்படியே உறைந்து போனார்.

“இது என்னா தம்பி? நாலு மணிக்கு பேப்பர்ல ஓகேன்னு குடுத்துட்டுப் போனாரு. இதுல ஹோல்ட்னு வருதே! அவரு நம்பர்ல!”

பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தேன். காகிதத்தில் ஓகே. திரையில் ஹோல்ட், பக்கத்தில் ஏற்றியவராக சிவபாதம் அண்ணனின் பெயர்ச் சுருக்கம். என் அறைக்கு ஓடிக் கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து.

“நீங்க ஏதும் தொட்டீங்களாக்கா?”

“சத்தியமா இல்ல தம்பி. கரண்ட் போனதுலேருந்து ரத்தப் பெட்டிகிட்டயேதான் நிக்கிறேன். அவரு ரகசிய நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? ஐயோ முருகா, செத்த மனுசன் எப்படி எழுதுவாரு?”

டாக்டர் லிம் தானே இறங்கி வந்துவிட்டார், கையுறையில் ரத்தம், என் சரோஜாவின் ரத்தம். விஷயத்தைக் கேட்டதும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். இடியில் மெஷின் கெட்டுப்போய்க் கண்டதைக் காட்டுகிறது, இறந்தவர் டைப் அடிக்கவா வந்தார், காகிதத்தில் இருப்பதுதான் சரி, பையை எடு. திரும்பக் கலந்து பார்க்க நாற்பது நிமிடமாகும், அதுவரை அவள் தாங்குவாளா என்று தெரியாது, மழையில் கோலாலம்பூரிலிருந்து வேறு ரத்தம் வரவே வராது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஹோல்ட் உண்மையாக இருந்து ரத்தத்தை ஏற்றினால், அந்த ரத்தமே அவளைக் கொன்றுவிடும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மெஷினும் என்னுடையது, மனைவியும் என்னுடையவள்.

நான் சொன்னேன், தபால் முத்திரைக் கதையைத்தான் சொன்னேன். அவர் போகும் முன்னாலேயே, காகிதத்தை அச்செடுத்த பிறகு, சீட்டைப் பார்த்துத் தவறைத் திருத்தியிருக்கிறார். அது நினைவகத்தில் கிடந்திருக்கிறது. கெர்னல் அதை டிஸ்கில் எழுதியபோதுதான் இந்த நேரம் விழுந்தது. ஐந்து பத்து என்பது எழுதிய நேரமே அல்ல. மெஷின் கெடவில்லை, எழுதியது சிவபாதம்தான், அவர் கை வைத்தால் அது சரியாகத்தான் இருக்கும். திரும்பப் பாருங்கள், பார்க்காமல் கொடுக்காதீர்கள். டாக்டர் லிம் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு புஷ்பா அக்காவிடம், பார், சீக்கிரம் என்றார்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எதிரிக்கும் வேண்டாம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், மழை பெய்துகொண்டே இருந்தது, மேலே இருந்து யார் இறங்கினாலும் எழுந்து நின்றேன். கடைசியில் புஷ்பா அக்கா ஓடிவந்தார். இரண்டு பையும் ஒத்துப்போகவில்லை. அதே குரூப்பில் ரத்தப் பெட்டியில் மிச்சமிருந்த வேறு பைகளை எடுத்துப் பார்த்ததில் மூன்றாவது ஒத்துப்போனது. அதை ஏற்றினார்கள். ஏழு மணிக்கு மேல் சரோஜா கண்ணைத் திறந்து, “பாப்பா பால் குடிச்சிச்சா?” என்று கேட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். கெர்னல், நினைவகம் என்று நான் பேசியதை டாக்டர் லிம் மற்ற டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லி வியந்தார். மறுநாள் கிள்ளானில் சிவபாதம் அண்ணனின் சாவு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தவமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கெளம்புறதுக்கு முன்னாடியே அண்ணே சரியா எழுதி வச்சிட்டுப் போயிருக்காருக்கா. அதனாலதான் என் பொண்டாட்டி உயிரோட இருக்கா” என்றேன். அவர் அழுகைக்கு நடுவிலும் தலையை ஆட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார், வேலையை முடித்துவிட்டுத்தான் போனார் என்று.

அதற்கு அடுத்த நாள் வேலைக்குத் திரும்பினேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று மெஷினின் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். முதல் வரி, நாலரைக்குக் கரண்ட் போனது. இரண்டாவது வரி, ஐந்து மணிக்கு மெஷின் திரும்ப எழுந்தது. அங்கேயே பேனா நின்றுவிட்டது.

உங்களுக்குப் புரிகிறதா? கரண்ட் போனால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போச்சு. டிஸ்கில் எழுதப்படாமல் கிடந்த எந்த எழுத்தும் தப்பாது. நாலு மணிக்கு அவர் திருத்தியிருந்து, அது நினைவகத்திலேயே கிடந்திருந்தால், நாலரைக்கே அழிந்திருக்கும். முன்பே டிஸ்குக்குப் போயிருந்தால் நேரம் நாலரைக்கு முந்தியதாக இருக்கும். ஐந்து பத்து என்று விழுந்திருந்தால், அது ஐந்து மணிக்குப் பிறகு, நான் சுவிட்சைப் போட்ட பிறகு, யாரோ தட்டிய எழுத்து. இதை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். சுவிட்சைப் போட்டதும் இந்தக் கைதான். பயத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்திருந்தால் என் வாயாலேயே, டாக்டர், மெஷின் உளறுகிறது, ரத்தத்தைக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நான் விடவில்லை. ஒரு பொய்ப் பெயரில் கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்தை மாற்றி, உடனே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் மாற்றியது காணாமல் போனது. கடிகாரம் தவறியதா என்று பார்த்தேன், சரியாக ஓடியது. புஷ்பா அக்காவைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன், கற்பூரத்தில் அடித்துச் சொன்னார். அப்புறமும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, ஏதோ எனக்குத் தெரியாத கோளாறு, கோளாறு என்றால் கோளாறுதான், ஆண்டவன் புண்ணியத்தில் நல்லதாக முடிந்தது, விட்டுத் தள்ளு என்று நினைத்தேன். எழுதித் தந்த அறிக்கையில் கரண்ட் போன வரியை மட்டும் எழுதவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு சரோஜாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிள்ளான் போனேன். குழந்தை அழுததால் சரோஜா காரிலேயே இருந்தாள். கூட்டம் குறைந்ததும் தவமணி அக்கா என்னை உள்ளே அழைத்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். போலீஸ் திருப்பித் தந்த சாமான்கள். அதற்குள் மழையில் ஊறிக் காய்ந்த சீட்டு, பென்சில் எழுத்து மங்கித் தெரிந்தது. சரோஜாவின் பெயருக்கு நேரே ஹோல்ட்.

“தம்பி, பத்து தீகாவில இருக்கிற பெட்ரோல் கடைக்காரப் பெடியன் வந்து சொன்னவன்,” என்றார் அக்கா. “இவர் அங்க நிண்டு மழைக்கோட்டு போட்டவராம். சில்லறைக்குச் சட்டைப் பையில கை விட்டவர், இந்தச் சீட்டைப் பார்த்திட்டு அப்பிடியே நிண்டவராம். பிறகு உங்கட ஆஸ்பத்திரிக்கு மூண்டு தரம் போன் அடிச்சவராம், லைன் போகேல்லை. உடனே வண்டியைத் திருப்பினவர். அடிபட்டது கிள்ளான் பக்கம் வாற ரோட்டில இல்லைத் தம்பி. உங்கட ஆஸ்பத்திரிக்குப் போற பக்கம்.”

அவர் திருத்தவே இல்லை. மற்ற பெயர்களுக்குத் தட்டியதுபோலவே சரோஜாவின் பெயருக்கும் எண்டரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார், நான் பெருமையாகப் போட்டு வைத்த ஓகேயின்மேல். பாதி வழியில் சீட்டைப் பார்த்திருக்கிறார். அதை மாற்றத்தான் அந்த மழையில் திரும்பியிருக்கிறார். வந்து சேரவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்தார். “போக முந்தியே எழுதிப்போட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அப்ப ஏன் திரும்பினவர்?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், வாயெடுத்தேன். ஆனால் எதைச் சொல்வது? உங்கள் புருஷன் தவறாக எழுதிவிட்டுப் போனார், தவறு செய்ய வசதி பண்ணிக் கொடுத்தவன் நான், இறந்த பிறகு வந்து திருத்தினார் என்றா?

“எழுதுனத மறந்திருப்பாருக்கா,” என்றேன். “மறந்துட்டுத் திரும்பியிருப்பாரு.”

அவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, பையில் வைத்தார்.

“அப்ப, சும்மாவோ செத்தவர்?”

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரில் சரோஜா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அவளிடமும் நான் இதுவரை சொல்லவில்லை.